வித்த காரையே தேடிப்போய் வாங்கினவர்... ஸ்டீவ் மெக்வீன் கடைசியில் எதை விட்டுட்டுப் போனார்?

போடிநாயக்கனூரில் சேவலுக்கு முன்னாடி எழுந்திருப்பது ஜீப்தான். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டுப் பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் உறுமிக்கொண்டே ஏறும். அதில் பல வண்டிகளுக்கு உங்களைவிட வயசு அதிகம். பெயின்ட் உரிஞ்சிருக்கும், தார்ப்பாய் கிழிஞ்சிருக்கும், எஃப்.சி. காட்டுவதற்குள் ஓனருக்கு நாக்கு தள்ளியிருக்கும். ஆனாலும் அவரிடம் போய் வண்டியைக் குடுக்குறீங்களான்னு கேட்டுப் பாருங்க, முகமே மாறிடும். அது அப்பா வாங்கின வண்டியா இருக்கும். இல்லைன்னா, முதல் முதலா மலையில் ஸ்டீயரிங் பிடிச்சுப் பழகின வண்டியா இருக்கும்.

இப்போ உங்களுக்கு ஒரு கேள்வி. அப்படி உயிரா நினைக்கிற வண்டி ஒண்ணு இல்ல, ஒரு பெரிய கொட்டகை நிறைய உங்ககிட்ட இருக்குன்னு வெச்சுக்கோங்க. டாக்டர் ஸ்கேனைப் பார்த்துட்டு, இந்த நோய்க்கு ஆபரேஷனே கிடையாதுன்னு சொல்லிட்டார். உங்க வயசு 49. அந்த வண்டிகளை என்ன செய்வீங்க?

இந்தக் கேள்வி நிஜமாவே ஒருத்தர் முன்னாடி வந்து நின்னுச்சு. அவர் ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீன். சின்ன வயசில் 'கார்ஸ்' அனிமேஷன் படத்தில் லைட்னிங் மெக்வீனைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, அந்த சிவப்புக் காருக்கு இவர் பெயரைத்தான் வெச்சாங்கன்னு தோணும். உண்மையில் அது கிளென் மெக்வீன் என்ற பிக்ஸார் அனிமேட்டரின் நினைவாக வைத்த பெயர். ஆனா, உலகம் முழுக்க கார் பிரியர்களிடம் மெக்வீன்னு சொன்னா, முதலில் ஞாபகம் வருவது 1980-ல் இறந்துபோன இந்த நடிகர்தான். மஸ்டாங், போர்ஷே, ஜாகுவார்னு அவர் கை பட்ட எந்த வண்டிக்கும் இன்னைக்குத் தனி விலை.

அந்த விலையை விடுங்க. அந்த மனுஷன் எதைச் சேர்த்தார், எதை இழந்தார், கடைசியில் எது அவர் கையில் இருந்தது என்பதுதான் நாம பார்க்கப்போற கதை.

சிவப்பு சைக்கிளும் சீர்திருத்தப் பள்ளியும்

1930 மார்ச் 24. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பீச் குரோவ் என்ற ஊரில் பிறந்தார் மெக்வீன். அப்பா ஊர் ஊராகப் போய் விமானத்தில் சாகசம் காட்டுகிறவர். பையன் கைக்குழந்தையா இருக்கும்போதே குடும்பத்தை விட்டுட்டுப் போயிட்டார். அம்மாவுக்கும் குழந்தையை வளர்க்கிற நிலைமை இல்லை. மிசௌரி மாநிலத்தில் ஸ்லேட்டர் என்ற சின்ன ஊரில் பண்ணை வைத்திருந்த கிளாட் என்ற சின்னத்தாத்தா வீட்டில்தான் பையன் வளர்ந்தான். நாலு வயசில் அந்தத் தாத்தா வாங்கிக் கொடுத்தது ஒரு சிவப்பு மூணு சக்கர சைக்கிள். தனக்கு ரேஸ் ஆசை வந்ததே அதிலிருந்துதான் என்று பின்னாளில் மெக்வீன் சொல்லியிருக்கிறார்.

காதில் வந்த தொற்று ஒரு பக்கம் கேட்கும் திறனைக் குறைத்துவிட்டது. டிஸ்லெக்ஸியா இருந்ததால் எழுத்துக்கூட்டிப் படிப்பதும் கஷ்டம். அந்தக் காலத்தில் அதற்குப் பெயர் மக்குப் பையன், அவ்வளவுதான். மறுமணம் செய்துகொண்ட அம்மா திரும்ப அழைத்துப் போனார். மாற்றான் அப்பாவிடம் அடி, தெருச் சண்டை, சின்னச் சின்னத் திருட்டு. கடைசியில் கலிஃபோர்னியாவில் சீனோ என்ற ஊரில் இருந்த பாய்ஸ் ரிபப்ளிக் என்ற பள்ளியில் கொண்டுபோய் விட்டார்கள். வழி தவறின பையன்களுக்கான பள்ளி அது. முதலில் அங்கிருந்தும் தப்பி ஓடப் பார்த்தார். அப்புறம் அடங்கினார். தன்னை மனுஷனாக்கியது அந்தப் பள்ளிதான் என்பதை வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை. இந்தப் பள்ளியை ஞாபகம் வெச்சுக்கோங்க, கதையின் முடிவில் இதற்கு வேலை இருக்கு.

1947-ல் கடற்படைக் காலாட்படையான மரைன் கார்ப்ஸில் சேர்ந்தார். வயசு 17. ஒழுங்கு மீறுவது, லீவு முடிந்தும் திரும்பாமல் ஊர் சுற்றுவது, மாட்டிக்கொள்வது, தண்டனை என்றே முதல் வருஷங்கள் ஓடின. அந்தக் காலத்தில் அவருக்குக் கொடுத்த வேலைகளில் ஒன்று, கப்பலின் இன்ஜின் அறையில் குழாய்களைச் சுற்றியிருந்த பழைய உறையைப் பிய்த்தெடுப்பது. சூடு வெளியே போகாமல் இருக்கச் சுற்றியிருந்த அந்த உறை, ஆஸ்பெஸ்டாஸ். காற்றோட்டம் இல்லாத அறை, முகத்தில் கவசம் இல்லை, வெள்ளைத் தூசு பறந்துகொண்டே இருக்கும். 20 வயசுப் பையனுக்கு அதெல்லாம் ஒரு விஷயமாகவே தோன்றியிருக்காது. உடம்பைத் தட்டிவிட்டு வெளியே வந்துவிட்டார். 1950-ல் ராணுவத்தை விட்டும் வந்துவிட்டார்.

நுரையீரலுக்குள் போன தூசு மட்டும் வெளியே வரவில்லை.

பச்சை எலி

நியூயார்க்கில் நடிப்புப் பயிற்சி. செலவுக்குக் காசு வேண்டுமே? வார இறுதியில் மோட்டார் சைக்கிள் ரேஸ் ஓட்டினார். அவருடைய முதல் பைக் 1946 மாடல் 'இந்தியன்' சீஃப். பெயரைப் பார்த்து நம்ம ஊர்த் தயாரிப்புன்னு நினைச்சுடாதீங்க, அது அமெரிக்க கம்பெனி.

1958-ல் 'வான்ட்டட் டெட் ஆர் அலைவ்' என்ற டி.வி. தொடர் அவரை வீடு வீடாகக் கொண்டுபோனது. கையில் காசு புழங்கிய அதே வருஷம் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினார். ஜாகுவார் எக்ஸ்.கே.எஸ்.எஸ். ரேஸுக்காகச் செய்த வண்டியைச் சாலையில் ஓட்டும்படி மாற்றிய மாடல் அது. 25 வண்டிகள் செய்யத் திட்டமிட்டிருந்தார்கள். 1957 பிப்ரவரியில் ஜாகுவார் தொழிற்சாலையில் பிடித்த தீயில் பாதி தயாராகியிருந்த வண்டிகள் எரிந்துபோனதால், கணக்கு 16-லேயே நின்றுவிட்டது. அந்த 16-ல் ஒன்று மெக்வீனிடம் வந்தது. வெள்ளையாக இருந்ததைப் பச்சையாக்கினார். 'பச்சை எலி' என்று செல்லப் பெயரும் வைத்தார். ஹாலிவுட் மலைச்சாலைகளில் ராத்திரி நேரத்தில் அவர் அதைப் பறக்கவிட்ட வேகத்துக்கு போலீஸ் எழுதிய அபராதச் சீட்டுகளால், லைசென்ஸே பறிபோகும் நிலைமை வந்தது.

'தி மேக்னிஃபிசன்ட் செவன்' 1960-ல் வந்தது. 'தி கிரேட் எஸ்கேப்' 1963-ல் வந்தது. அதில் அவர் மோட்டார் சைக்கிளில் போகிற துரத்தல் காட்சியை இன்னைக்கும் யூடியூபில் தேடிப் பார்க்கிறார்கள். அதற்கடுத்த வருஷம் அவருடைய பிறந்தநாளுக்கு மனைவி நீல் ஆடம்ஸ் கொடுத்த பரிசு, ஒரு ஃபெராரி லூசோ. 1964-லேயே கிழக்கு ஜெர்மனியில் நடந்த சர்வதேச ஆறு நாள் மோட்டார் சைக்கிள் போட்டியில் அமெரிக்க அணிக்காக ஓட்டினார். நடிகர்கள் பொழுதுபோக்குக்கு வண்டி ஓட்டுவது சகஜம். இவர் வண்டி ஓட்டுவதற்காகவே நடித்தாரோ என்று சந்தேகம் வரும்.

1968-ல் 'புல்லிட்'. சான் ஃபிரான்சிஸ்கோவின் மேடு பள்ளத் தெருக்களில் கரும்பச்சை மஸ்டாங் ஒன்று, கறுப்பு டாட்ஜ் காரைத் துரத்துகிற கிட்டத்தட்ட 11 நிமிஷக் காட்சி. பின்னணி இசை நின்றுவிடும், வசனம் கிடையாது, இன்ஜின் சத்தமும் டயர் சத்தமும் மட்டும்தான். அதற்குப் பிறகு வந்த எந்த கார் துரத்தல் காட்சியையும் அதோடு ஒப்பிட்டுத்தான் பேசுகிறார்கள்.

1970-ல் நடந்தது இன்னும் கில்லாடித்தனம். ஃபுளோரிடாவில் செப்ரிங் 12 மணி நேர ரேஸ். அதற்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் ஒரு மோட்டார் சைக்கிள் போட்டியில் அவருக்கு இடது கால் உடைந்திருந்தது. கட்டுப்போட்ட காலாலேயே கிளட்சை மிதித்து, பீட்டர் ரெவ்சனோடு மாறி மாறி போர்ஷே ஓட்டினார். பெரும்பகுதி நேரம் ஓட்டியது ரெவ்சன்தான் என்பதையும் சொல்லணும். ஃபெராரி ஓட்டிய மரியோ ஆண்ட்ரெட்டியிடம் அரை நிமிஷத்துக்கும் குறைவான நேரத்தில்தான் முதலிடத்தை விட்டார்கள்.

அடுத்த வருஷம் வந்த 'லெ மான்ஸ்' அவர் உயிரைக் கொடுத்து எடுத்த ரேஸ் படம். தியேட்டரில் படுத்துவிட்டது. அவருடைய சொந்தக் கம்பெனி ஆட்டம் கண்டது, நீலோடு திருமணம் முறிந்தது. வேகம் எல்லாத்தையும் கொடுக்கும்னு நம்பின மனுஷனுக்கு முதல் பெரிய அடி அது.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால்...

வண்டி வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரிந்த ஒரு வலி இருக்கு. விக்கும்போது தெரியாது. வித்து நாலு வருஷம் கழிச்சு, ரோட்டில் அதே கலர் வண்டி போகும்போது தெரியும்.

மெக்வீன் பச்சை எலியை 1960-களின் கடைசியில் கொடுத்துவிட்டார். வாங்கியவர் நெவாடா மாநிலத்தின் சூதாட்ட விடுதி அதிபர் பில் ஹாரா. அமெரிக்காவின் பெரிய கார் சேகரிப்புகளில் ஒன்று அவருடையது. கொடுத்த கொஞ்ச நாளிலேயே மனசு கேட்கவில்லை. திருப்பித் தரச் சொல்லி வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார். 1977-ல்தான் காரியம் நடந்தது. பச்சை எலி திரும்ப வீட்டுக்கு வந்தது.

அதே வருஷம் டிசம்பரில் இன்னொரு வண்டிக்கும் தூது விட்டார். 'புல்லிட்' படத்தில் அவர் ஓட்டிய மஸ்டாங். படம் முடிந்ததும் ஸ்டூடியோ அதை விற்றிருந்தது. கை மாறிக் கை மாறி, 1974-ல் ஒரு பத்திரிகை விளம்பரம் பார்த்து நியூ ஜெர்சியில் ஒரு குடும்பம் அதைச் சுமார் 6,000 டாலருக்கு வாங்கியிருந்தது. அந்த வீட்டு அம்மா பள்ளிக்கூட டீச்சர். தினமும் வேலைக்குப் போக வர அந்த காரைத்தான் ஓட்டினார். உலகப் புகழ் நடிகர், அந்த காரைத் தனக்குத் தர முடியுமா, பதிலுக்கு வேறொரு மஸ்டாங் வாங்கித் தருகிறேன் என்ற அர்த்தத்தில் பணிவாக ஒரு கடிதம் போட்டார். அந்தக் குடும்பம் கொடுக்கவில்லை. கடிதத்தை மட்டும் பத்திரமா வெச்சுக்கிட்டாங்க.

நம்ம கையில் இருக்கிறவரைக்கும் அது வண்டி. அடுத்தவர் வீட்டு வாசலில் நின்றுவிட்டால், அது அவங்க குடும்பக் கதை. மெக்வீனுக்கே அதுதான் நிலைமை.

விமானக் கொட்டகைக்குள் ஒரு வீடு

1974-ல் 'தி டவரிங் இன்ஃபெர்னோ' வந்தபோது, உலகத்திலேயே அதிகச் சம்பளம் வாங்கிய நடிகர்களில் ஒருத்தர் அவர். அதன் பிறகு திடீரென்று ஒதுங்கிவிட்டார். தாடி வளர்த்தார், உடம்பு போட்டார். பழைய சாமான் சந்தைகளில் அவரை அடையாளம் கண்டுபிடிப்பதே கஷ்டம். அங்கே அவர் தேடியது பழைய மோட்டார் சைக்கிள், பழைய கார், பழைய பெட்ரோல் பம்ப், பேனாக் கத்தி, பொம்மை. அப்பா இல்லாத, கைக்கு எதுவும் கிடைக்காத ஒரு சின்னப் பையன், 45 வயசுக்கு மேல் கை நிறையக் காசோடு கடைத்தெருவுக்கு வந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் வாங்கினார்.

1979-ல் கலிஃபோர்னியாவின் சான்டா பவுலா என்ற சின்ன ஊருக்கு வந்தார். ஒரு மஞ்சள் நிற ஸ்டியர்மேன் விமானம் வாங்கி, பறக்கக் கற்றுக்கொண்டார். விட்டுட்டுப் போன அப்பா செய்த அதே வேலை. நூற்றுக்கும் மேற்பட்ட மோட்டார் சைக்கிள்கள், பழைய கார்கள், லாரிகள், விமானங்கள் எல்லாம் ஊரின் சின்ன விமான நிலையக் கொட்டகைக்கு வந்தன. பண்ணை வீடு தயாராகிறவரை, அவரும் பார்பரா மின்டியும் அந்தக் கொட்டகையிலேயே வண்டிகளுக்கு நடுவில் குடியிருந்தார்கள். வாழ்க்கையில் அவர் நிம்மதியா இருந்த காலம்னு கேட்டால், அவரைத் தெரிந்தவர்கள் கைகாட்டுவது அந்தக் கொட்டகை நாட்களைத்தான்.

அந்தச் சமயத்தில் நடித்த 'தி ஹன்டர்'தான் கடைசிப் படம். அதில் அவருக்கு வந்த பாத்திரம், கார் ஓட்டவே தெரியாத ஒருத்தர். பழைய செவ்ரோலே காரைப் பார்க்கிங் செய்யத் தெரியாமல் முன்னும் பின்னும் இடிக்கிற காட்சியைப் பார்த்து தியேட்டரில் சிரித்தார்கள். படப்பிடிப்பில் இருந்தவர்கள் கவனித்தது வேறு. ஓடுகிற காட்சி முடிந்ததும் அவருக்கு மூச்சு வாங்கியது. கூடவே நிற்காத இருமல்.

30 வருஷம் காத்திருந்த தூசு

சிகரெட்டை விட்டுப் பார்த்தார், ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டுப் பார்த்தார், இருமல் போகவில்லை. 1979 டிசம்பர் 22-ம் தேதி பரிசோதனை முடிவு வந்தது. மீசோதெலியோமா. நுரையீரலைச் சுற்றியிருக்கிற மெல்லிய உறையில் வருகிற புற்றுநோய். அதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான், ஆஸ்பெஸ்டாஸ். மூச்சோடு உள்ளே போகிற அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிசு. உடம்பால் அவற்றைக் கரைக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது. நோய் தலைகாட்ட 20 முதல் 50 வருஷம்கூட ஆகலாம்.

ரேஸ் ஓட்டுகிறவர்களின் தீத்தடுப்பு உடைகளிலும் அப்போது ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, சினிமா ஸ்டூடியோக்களிலும் இருந்தது. ஆனா மெக்வீன் பெரிதாகச் சந்தேகப்பட்டது, 20 வயசில் கப்பல் இன்ஜின் அறையில் பிய்த்தெடுத்த அந்தக் குழாய் உறையைத்தான். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகமும், உடைந்த காலும், விமானமும் செய்யாததை, யாரோ ஏவின ஒரு தூசு வேலை செய்துவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்க. இது அமெரிக்காக்காரன் கதை மட்டும் இல்லை.

ஏலமலைச் சரிவில் இருக்கிற தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளை, போடியைச் சுற்றியுள்ள கிராமங்களை, உங்க தெருவையே ஒரு தடவை அண்ணாந்து பாருங்க. சாம்பல் கலரில் நெளிநெளியா இருக்கிற சிமென்ட் ஷீட் கூரை கண்ணில் படும். பல இடங்களில் அதில் கலந்திருப்பது ஆஸ்பெஸ்டாஸ்தான், நம்ம தமிழில் கல்நார். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்பதை உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 50-க்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. அமெரிக்காவே மிச்சமிருந்த வெள்ளை ஆஸ்பெஸ்டாஸுக்கு 2024 மார்ச்சில்தான் தடை அறிவித்தது. இந்தியாவில் இன்னும் முழுத் தடை இல்லை. வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகி ஷீட்டாக மாறுகிறது.

அதுக்காகப் பயந்துபோய் இன்னைக்கே கூரையைப் பிரிச்சுடாதீங்க. உடையாமல், அசையாமல் இருக்கிற ஷீட்டில் ஆபத்து குறைவு. அதை அறுக்கும்போதும், துளை போடும்போதும், உடைக்கும்போதும், மேலே ஏறித் தேய்த்துக் கழுவும்போதும்தான் இழை பறக்கும். மழைக்கு முன்னாடி கூரை மாத்துற வேலை இருந்தா தண்ணீர் தெளித்து நனைச்சுக்கோங்க. உடைக்காமல் முழுசா இறக்கச் சொல்லுங்க. துணியைக் கட்டிக்கொண்டால் போதாது, நுண்தூசைத் தடுக்கிற முகக்கவசம் வேணும். விழுந்த தூசை விளக்குமாறால் பெருக்காமல், ஈரத்துணியால் துடைத்தெடுங்க. உடைந்த துண்டுகளைப் பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் போடாதீங்க. பழைய ஜீப், லாரிகளின் பிரேக் லைனிங்கிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததுண்டு. அதனால், பிரேக் டிரம்மைக் கழற்றி ஏர் அடித்துத் தூசைப் பறக்கவிடுகிற பழக்கத்தையும் ஒர்க்‌ஷாப்பில் விட்டுடணும். மெக்வீனுக்கு இதைச் சொல்ல அன்னைக்கு யாரும் இல்லை. உங்களுக்கு இருக்கு.

விக்கவும் இல்லை, விடவும் இல்லை

நோய் தெரிந்ததும் அவர் என்ன செய்தார்? கார்களை விற்றுக் கணக்கை முடித்தாரா? இல்லை. 1980 ஜனவரியில் பார்பராவைக் கல்யாணம் செய்துகொண்டார். வெளியே யாருக்கும் சொல்லவில்லை. பழைய வண்டிகளைப் பார்ப்பது, விமானத்தில் ஏறுவது என்று முடிந்தவரை அதே வாழ்க்கை. வருகிற வருஷமும் ஓட்டப்போகிற மாதிரிதான் அந்தக் கொட்டகை இருந்தது. இதைப் பேராசைன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. கடைசி நாள் குறித்துக் கொடுத்த பிறகு ஒருத்தர் தன் வண்டிச் சாவியைக் கீழே வைக்காமல் இருப்பது, நான் இன்னும் கிளம்பலைன்னு சொல்கிற ஒரு வழி.

ஆனா அதே பிடிவாதம் அவரை இன்னொரு இடத்துக்கும் கொண்டுபோனது. பிப்ரவரியிலேயே நோய் பரவியிருந்தது. மார்ச்சில் ஒரு பத்திரிகை ரகசியத்தை உடைத்தது. அமெரிக்க டாக்டர்கள் கைவிரித்த நிலையில், ஜூலையில் மெக்ஸிகோவின் ரொசாரிட்டோ கடற்கரை ஊருக்குப் போனார். அங்கே வில்லியம் கெல்லி என்பவரின் திட்டப்படி சிகிச்சை. கெல்லி புற்றுநோய் டாக்டர் கிடையாது. பல் சீரமைப்பு செய்துகொண்டிருந்தவர், லைசென்ஸை இழந்தவர். விட்டமின், காபி எனிமா, ஆப்ரிகாட் கொட்டையிலிருந்து எடுக்கிற லேட்ரைல் என்று சிகிச்சை போனது. மெக்வீன் இறந்து இரண்டு வருஷம் கழித்து, 1982-ல், 178 நோயாளிகளிடம் லேட்ரைலைச் சோதித்த அமெரிக்க ஆய்வு வெளிவந்தது. நோய் குணமாகவில்லை, சிலருக்கு ரத்தத்தில் சயனைடு ஏறியது என்பதுதான் அதன் முடிவு.

உங்க வீட்டு வாட்ஸ்அப் குரூப்பிலும் இப்படி ஒரு அதிசய மருந்து வாரம் ஒண்ணு வருது, இல்லையா? அனுப்புகிறவரைத் திட்டாதீங்க. பயத்தில் இருக்கிறவங்க எந்தக் கயிறையும் பிடிப்பாங்க. உலகமே பார்த்த நடிகர், கேட்ட காசைக் கொடுக்க முடிந்தவர், அவரே பிடித்தார். பக்கத்தில் இருக்கிற நாமதான் அந்தக் கயிறு எங்கே கட்டியிருக்குன்னு பார்த்துச் சொல்லணும்.

நவம்பரில் மெக்ஸிகோவின் ஹுவாரெஸ் நகரில், வேறு பெயரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். இதயம் தாங்காது என்று அமெரிக்க டாக்டர்கள் எச்சரித்திருந்த ஆபரேஷனைச் செய்துகொண்டார். கட்டிகளை எடுத்தார்கள். அடுத்த நாள், 1980 நவம்பர் 7 விடிகாலையில், மாரடைப்பில் உயிர் பிரிந்தது. வயசு 50. அஸ்தியைப் பசிபிக் கடலில் தூவினார்கள். சான்டா பவுலா பண்ணையில் நினைவுக் கூட்டம் நடந்தபோது, அவரோடு பறந்த நண்பர்கள் வானத்தில் வரிசையாகப் பறந்தார்கள்.

சுத்தியல் விழுந்த இரண்டு நாள்

அவர் பிரிய மறுத்த வண்டிகளை, நாலு வருஷம் கழித்து ஏலக்காரர்கள் பிரித்தார்கள். 1984 நவம்பரில் லாஸ் வேகாஸில் இரண்டு நாள் ஏலம். போடியில் ஏலக்காய் ஏலம் பார்த்திருக்கிறவர்களுக்கு அந்தப் பரபரப்பு புரியும். ஒரு வருஷ உழைப்புக்கு ஒரு நிமிஷத்தில் விலை விழும். அங்கே விழுந்தது ஒரு மனுஷனின் ஆசை முழுசுக்கும். கார், மோட்டார் சைக்கிள், பொம்மை, கத்தி எல்லாம் லாட் நம்பராக மாறி, ஆளுக்கொரு பக்கமாகப் போயின.

வருஷக்கணக்கில் கெஞ்சி வாங்கின பச்சை எலி, அவருடைய பழைய அக்கம்பக்கத்துக்காரர் ஒருவருக்குச் சுமார் 1,48,000 டாலருக்குப் போனது. இன்னைக்கு அது லாஸ் ஏஞ்சலஸில் பீட்டர்ஸன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மனைவி பரிசாகக் கொடுத்த ஃபெராரி 2007-ல் 23 லட்சம் டாலருக்கும், 'லெ மான்ஸ்' படத்து போர்ஷே 2011-ல் 13.75 லட்சம் டாலருக்கும் ஏலம் போயின. அவர் கேட்டும் கிடைக்காத அந்த மஸ்டாங்? டீச்சர் ஓட்டின அதே வண்டி, 2020 ஜனவரியில் 37 லட்சம் டாலருக்கு மேல் போனது. அப்போதைய கணக்கில் கிட்டத்தட்ட 26 கோடி ரூபாய். இந்தப் பணத்தில் ஒரு காசுகூட அவர் பார்த்ததில்லை.

ரசீது போடாமல் கொடுத்தது

ஞாபகம் வெச்சுக்கச் சொன்ன பள்ளிக்கு இப்போ வருவோம்.

மெக்வீன் கறார் பேர்வழி என்று ஸ்டூடியோக்களில் பெயர். படத்துக்குக் கையெழுத்துப் போடும்போது சம்பளத்தோடு சேர்த்து விநோதமா சில பொருட்களும் கேட்பார். டஜன் கணக்கில் ஜீன்ஸ், பெட்டி பெட்டியா ஷேவிங் ரேஸர். இவ்வளவு பெரிய நடிகருக்கு இந்த அல்ப ஆசை எதுக்குன்னு முணுமுணுத்தார்கள். அதெல்லாம் சீனோ பள்ளிப் பையன்களுக்குப் போயின என்பது பின்னாடிதான் தெரிந்தது. நேரம் கிடைக்கும்போது அவரே அங்கே போவார். பையன்களோடு உட்கார்ந்து பில்லியர்ட்ஸ் ஆடுவார், பேசுவார், அவங்க போடுகிற கடிதத்துக்குப் பதில் எழுதுவார். அப்பா விட்டுட்டுப் போன பையன்களிடம் என்ன பேசணும்னு அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உயிலிலும் அந்தப் பள்ளிக்கு 2 லட்சம் டாலர் எழுதி வைத்திருந்தார்.

சேர்த்த வண்டிகளை அவரால் பிரிய முடியவில்லை, அவருக்காக அடுத்தவர்கள் பிரித்தார்கள். ஆனா நல்லா இருந்த காலத்திலேயே, யாருக்கும் சொல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கையாலேயே கொடுத்தது எதுவும் ஏலத்துக்கு வரவில்லை. அதைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் எழுதும் அவசியமும் அவருக்கு வரவில்லை.

உங்க வீட்டில் ஒரு பழைய வண்டி நின்றால், அதை வித்துடுங்கன்னு சொல்ல வரவில்லை. வெச்சுக்கோங்க, ஓட்டுங்க, துடைங்க. அப்பாவோ தாத்தாவோ அந்த வண்டிக்காரர் என்றால், அது எப்போ வாங்கினது, முதல் சவாரி எதுன்னு அவர் நல்லா இருக்கும்போதே கேட்டு, போனில் பதிவு பண்ணி வைங்க. அவருக்கு அப்புறம் அது யாருக்குன்னு அவர் வாயாலேயே சொல்லட்டும். ஆர்.சி. புக்கில் பெயர் மாத்துறது அரை நாள் வேலை. அந்தப் பேச்சை ஆரம்பிக்கத்தான் பல வீடுகளில் வருஷம் ஆகிவிடுகிறது.

மெக்வீன் பெயரில் அந்த சீனோ பள்ளி மைதானத்தில் பல வருஷம் பழைய கார், மோட்டார் சைக்கிள் கண்காட்சி நடத்தியிருக்கிறார்கள். வசூலாகிற பணம் பள்ளிக்கு. பளபளன்னு வந்து நிற்கிற மஸ்டாங்குகளையும் போர்ஷேக்களையும் சுற்றிச் சுற்றி வருவது, அங்கே படிக்கிற பையன்கள். ஒருகாலத்தில் அவரைப் போலவே தப்பி ஓடப் பார்த்தவர்கள் அவர்களிலும் இருப்பார்கள்.